பாலிமர் கிளே மோதிரம்: பிசைவதில் பாதி, சுடுவதில் மீதி

பாலிமர் கிளே மோதிரம் ஒடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் சுட்டீர்கள் என்பதைத்தான். கருகிவிடுமோ என்ற பயத்தில் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்தேன் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வடிவம் அழகாக இருக்கும், நிறம் அமைந்திருக்கும், பூவின் ஒவ்வோர் இதழும் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கும். உள்ளே வேகாத பொருள் விரலில் ஒரு வாரம்கூடத் தாங்காது. காதணி சும்மா தொங்கிக்கொண்டிருப்பது. அரைவேக்காடாக இருந்தாலும் தப்பித்துவிடும். மோதிரத்தின் பாடு வேறு. பஸ் கம்பியைப் பிடிக்கும்போது அழுந்துகிறது, பாத்திரம் தேய்க்கும்போது இடிபடுகிறது, கழற்றும்போது விரல் மூட்டில் மாட்டி இழுபடுகிறது. கிளே நகைகளில் அதிகம் அடி வாங்குவது அதுதான். ஆகவே நிறம் சேர்ப்பதையும் பூ வைப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொருள் என்ன, அது எப்படிக் கெட்டியாகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பொருள் என்ன?

பாலிமர் கிளே மண் இல்லை, பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி., மாவைவிட நுண்ணிய துகள்களாக இதில் இருக்கிறது. அந்தத் துகள்களோடு பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவத்தைக் கலந்திருப்பார்கள். சுண்ணப்பொடி போன்ற நிரப்பிகளும் நிறமிகளும் சேரும். முத்து மினுமினுப்பு வேண்டிய நிறங்களில் மைக்கா தூள் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் துகள்கள் திரவத்துக்குள் தனித்தனியாகக் கிடப்பதால் கிளே கையில் குழைகிறது. சூடேறும்போது துகள்கள் அந்தத் திரவத்தை உள்ளே இழுத்து உப்பி, ஒன்றோடொன்று கலந்து ஒரே உடம்பாகிவிடுகின்றன. பாயசத்துக்கு ஜவ்வரிசி வேகவைக்கும்போது நடப்பதுதான் இதுவும். தனித்தனி மணியாக இருந்தது நீரை உறிஞ்சி ஊதி, பளபளவென்று ஆகி, பக்கத்து மணியோடு ஒட்டிக்கொள்கிறது. பாதியில் இறக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கிறது. பாதியில் எடுத்த மோதிரத்துக்குள்ளும் அப்படி ஒட்டாத துகள்கள் நிற்கும். மேலே தொட்டால் கெட்டியாகத் தெரியும். வளைத்தால் மடக்கென்று ஒடியும்.

இது புரிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். கிளே காய்ந்து கெட்டியாவதில்லை. ஆகவே மேசைமேல் இரண்டு நாள் கிடந்தாலும், தூசி படியாமல் மூடி வைத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தண்ணீர் வெளியேறாததால் சுருக்கம் மிகக் குறைவு. மோதிர அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும். சுட்டபின் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் சுடுமண் நகை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைக்கும் குழப்பம் அடிக்கடி வருகிறது. சுடுமண்ணுக்குப் பல நூறு டிகிரிச் சூளை வேண்டும். பாலிமர் கிளேக்கு வீட்டு ஓவனின் 110 முதல் 150 டிகிரி போதும். காற்றில் காயும் கிளே என்று விற்பது இன்னொன்று. அது நீர் வற்றிக் கெட்டியாவது; காயும்போது சுருங்கும், கை கழுவக் கழுவ இளகும். அதில் மோதிரம் செய்யாதீர்கள் என்பேன். எம்-சீல் போல இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிசையும் எப்பாக்ஸி கிளே நல்ல உறுதி கொடுக்கும், ஓவனும் வேண்டாம். ஆனால் பிசைந்த சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும்; நிதானமாகப் பூ வைத்துக்கொண்டிருக்க விடாது.

இந்தப் பொருள் பொம்மை வழியாக வந்தது. ஜெர்மனியின் பெயர் பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூசேயின் பட்டறையில் 1939 வாக்கில் பொம்மைத் தலைகளுக்காக இப்படியொரு பிளாஸ்டிக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். தொழிற்சாலைக்கு அது ஒத்துவரவில்லை. மகள் சோஃபிதான் அதை விடாமல் கைவினைப் பொருளாக்கினார். 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று ஸ்டெட்லர் நிறுவனம் விற்கும் ஃபிமோ என்ற கிளே அதுதான். அமெரிக்காவின் ஸ்கல்பி என்ற கிளேக்கு இன்னும் வேடிக்கையான பூர்வீகம்: மின்மாற்றிகளின் உள்ளே வெப்பத்தைக் கடத்தும் பூச்சாகத்தான் அதை முதலில் உருவாக்கினார்களாம். பூச்சாக அது எடுபடவில்லை, பொம்மை செய்ய எடுபட்டது.

வாங்கும்போது

மென்மையான கிளே தொடங்குகிறவர்களுக்கு நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கைக்கு நல்லது, மோதிரத்துக்கு நல்லதல்ல. பிரித்தவுடன் வெண்ணெய்போல வழிகிற ஸ்கல்பி 3 போன்ற வகைகள் சுட்டபின் மெல்லிய இடங்களில் எளிதில் ஒடிகின்றன. ஸ்கல்பியிலேயே பிரீமோ, ஃபிமோவில் புரொஃபஷனல், பெல்ஜியத்தின் செர்னிட், அமெரிக்காவின் கேட்டோ ஆகியவை பிசைய முரண்டு பிடித்தாலும் சுட்டபின் வளைந்து கொடுக்கும். கேட்டோவைப் பிசைந்து முடிப்பதற்குள் மணிக்கட்டு வலித்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் முதல்முறையாக வாங்குகிறார் என்றால் பிரீமோ அல்லது செர்னிட் வாங்கச் சொல்வேன். வெள்ளை, கறுப்பு, இன்னும் இரண்டு நிறம் போதும்; மீதியைக் கலந்துகொள்ளலாம். 57 கிராம் கட்டி ஒன்றில் இருபது மோதிரத்துக்கு மேல் வரும், ஏனென்றால் மோதிரம் ஒன்றுக்குப் போவது சுமார் 2 கிராம்தான்.

பெயரில்லாமல், 24 நிறம் ஒரு டப்பாவில் என்று மலிவாக வருபவற்றை நான் தொடுவதில்லை. எத்தனை டிகிரியில் சுட வேண்டும் என்றுகூடச் சிலவற்றில் போட்டிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. முன்பு பிளாஸ்டிசைசராகத் தாலேட் வகை ரசாயனங்களைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் அவற்றுக்கு 2005இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2008இல் அமெரிக்காவும் கட்டுப்பாடு விதித்தன. பெரிய நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றிக்கொண்டன. பெயரில்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளே சூட்டில் வேகும் பொருள் என்பதால் சித்திரை, வைகாசி வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலோ, மூடிய காருக்குள் விட்டாலோ மெல்ல மெல்ல வேகத் தொடங்கிவிடும். உதிர்ந்து உதிர்ந்து போகும் கட்டி கைக்கு வந்தால் அது கிடங்கிலோ வண்டியிலோ சூடு பட்டதாக இருக்கலாம். வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டே சரியான இடம். எல்லாப் பிளாஸ்டிக் டப்பாவிலும் போடக் கூடாது. வேகாத கிளேயில் இருக்கும் பிளாஸ்டிசைசர் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், பயமில்லாமல் வைக்கலாம்.

விரல் அளவு

அளவு எடுக்கத் தாள் கீற்று ஒன்று போதும். விரலின் அடியில் சுற்றி அளந்துவிட்டு மூட்டின்மேலும் சுற்றிப் பாருங்கள். மூட்டு பெரிதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவான அளவை எடுங்கள். மாலையில் அளப்பது நல்லது, காலையில் விரல் சற்று மெலிந்திருக்கும். வந்த மில்லிமீட்டரிலிருந்து 40ஐக் கழித்தால் ஏறக்குறைய நம் நகைக்கடைகளில் சொல்லும் மோதிர எண் கிடைக்கும். 54 மி.மீ. என்றால் 14ஆம் எண். பட்டை அகலமாக ஆக விரலைப் பிடிப்பதும் கூடும், 8 மி.மீ.க்கு மேல் அகலம் வைத்தால் சுற்றளவில் 1 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மோதிரத்தைச் சுற்றிச் சுடுவதற்கு ஓர் உருளை வேண்டும். பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் கூம்புக் கம்பி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூம்பில் சுட்டால் மோதிரத்தின் ஒரு வாய் பெரிதாகவும் மறு வாய் சிறிதாகவும் போய்விடும். எனக்குப் பிடித்தது ஆய்வகக் கண்ணாடிச் சோதனைக்குழாய். 16 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 50 மி.மீ.க்குச் சற்றே கூடுதல். சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; அதைக் குழாய்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் சுற்றளவு சுமார் 0.6 மி.மீ. கூடும். ஆறு சுற்றுச் சுற்றி முனையைத் துளி பசையால் ஒட்டினால் 54 வந்துவிடும். தாள் 130 டிகிரியில் எரியாது. சுட்டு ஆறிய பிறகு தாளோடு சேர்த்து மோதிரத்தை உருவி எடுத்துவிடலாம். கிளே கண்ணாடியில் நேராக ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

பட்டையை உருவாக்குதல்

கிளேயை முதலில் பிசைந்து பதப்படுத்த வேண்டும். புதுக் கட்டியாக இருந்தாலும், மென்மையாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. பிளாஸ்டிசைசர் எங்கும் ஒரே சீராகப் பரவினால்தான் சுட்டபின் எங்கும் ஒரே உறுதி இருக்கும். சிறு துண்டாக எடுத்து உருட்டி, நீட்டி, மடித்து, மறுபடியும் உருட்டிக்கொண்டே இருங்கள். தட்டையாக்கி மடித்துப் பார்க்கும்போது மடிப்பு ஓரத்தில் வெடிப்பு விடவில்லை என்றால் பதம் வந்துவிட்டது. வெள்ளையை முதலில் பிசையுங்கள், கறுப்பும் சிவப்பும் கடைசியில். இல்லையென்றால் வெள்ளையில் கறை ஏறும். பருத்தி நூல் பறக்கும் சட்டையும் அன்றைக்கு வேண்டாம். கோடையில் கிளே அளவுக்கு மீறி இளகிப் போனால் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்துச் சில மணி நேரம் விட்டால், கூடுதல் பிளாஸ்டிசைசரைத் தாள் உறிஞ்சிவிடும்.

தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒடியும், 3ஐத் தாண்டினால் பக்கத்து விரலை உறுத்தும். மாவை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு மெல்லிய தகடாக்கும் பாஸ்தா மெஷின் இருக்கிறவர்கள் அதில் விடுவார்கள். இல்லாதவர்களுக்குப் பழைய ஏடிஎம் கார்டுகள் இருக்கின்றன. ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. என்பது உலகம் முழுவதும் ஒரே கணக்கு. மூன்று கார்டுகளை ஒரு பக்கமும் மூன்றை மறு பக்கமும் அடுக்கி, நடுவில் கிளேயை வைத்து, உருளையைக் கார்டுகள்மேல் படும்படி ஓட்டினால் 2.3 மி.மீ. தகடு கிடைக்கும். பூரிக்கட்டை வேண்டாம், மரத்தின் ரேகை கிளேயில் பதியும், பிறகு அது பூரிக்கும் உதவாது. கண்ணாடி பாட்டில் போதும். கீழே பளிங்கு ஓடு அல்லது டைல்ஸ் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை கிளே தொட்ட கத்தியும் தட்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

தகட்டிலிருந்து 6 மி.மீ. அகலத்தில் நீளமான கீற்று ஒன்றை மெல்லிய பிளேடால் நேர்கீழாக அழுத்தி வெட்டுங்கள். இழுத்து அறுத்தால் ஓரம் பிசிறும். கீற்றைத் தாள் சுற்றிய குழாய்மேல், முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். மோதிரத்தின் விதியைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். இரண்டு முனைகளையும் நேராக வெட்டி முட்ட வைத்தால் அந்த ஒரே கோட்டில்தான் பிற்பாடு வெடிக்கும். அதற்குப் பதிலாக, மேலேறிய இரண்டு அடுக்குகளையும் சேர்த்துச் சாய்வாக, 45 டிகிரியில், ஒரே வெட்டாக வெட்டுங்கள். மேலே மிஞ்சிய துண்டையும் அடியில் மாட்டிய துண்டையும் எடுத்துவிட்டால், இரண்டு சாய்வுகளும் ஒன்றின்மேல் ஒன்று பாந்தமாகப் படியும். இணைப்பின் பரப்பு கூடிவிட்டதால் பிடிமானமும் கூடிவிட்டது. ஊற்றும் பதத்தில் விற்கும் திரவக் கிளே இருந்தால் ஒரு துளியை நடுவில் தடவலாம்.

பிறகு பின்னல் ஊசியின் வழவழப்பான தண்டால் இணைப்பைக் குறுக்கே, இரண்டு பக்கமும் மாறி மாறி, கோடு மறையும்வரை நீவுங்கள். மேலே மறைந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். மோதிரத்தின் இரண்டு விளிம்புகளிலும் குனிந்து பாருங்கள். அங்கே மயிரிழை அளவுக்குக் கோடு நிற்கும். விளிம்பில் விட்ட வெடிப்புதான் உள்ளே நடந்து வரும். கிளே சரியாகச் சேர்ந்திருந்தால் எங்கே தொடங்கினோம் என்று நமக்கே தெரியக் கூடாது.

இணைப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 2 கிராம் கிளேயை உருண்டையாக்கி, சற்றுத் தட்டையாக்கி, நடுவில் ஊசியால் குத்தித் துளையிட்டு, அதைத் தடித்த குச்சிக்கு மாற்றி மேசைமேல் உருட்டிக்கொண்டே போனால் துளை பெரிதாகும். கடைசியில் குழாய்க்கு ஏற்றிவிடலாம். உறுதியில் இதற்கு ஈடில்லை. ஆனால் கீற்றில் கிடைக்கும் சீரான அகலமும் வடிவமும் இதில் வருவது கடினம். ஒற்றை நிற மோதிரத்துக்கு இதுதான் என் தேர்வு.

கைரேகை பதிந்த இடங்களைச் சுடுவதற்கு முன்பே போக்கிவிட வேண்டும். விரலில் லேசாக முகப்பவுடர் தொட்டு நீவினால் பெரும்பாலும் போய்விடும். உள்ளே காற்றுக்குமிழ் தெரிந்தால் ஊசியால் குத்தி அமுக்குங்கள். குமிழ் சூட்டில் விரிந்து கொப்புளமாக நிற்கும்.

நிறமும் கோலமும்

இங்கேதான் எல்லோரும் மயங்குகிறார்கள், மயங்கலாம்தான். எளிதானது பளிங்கு வேலை: இரண்டு மூன்று நிறங்களை முறுக்கி, மடித்து, கலந்தும் கலக்காமலும் இருக்கும்போது நிறுத்துவது. நிறுத்தத் தெரிவதுதான் கஷ்டம். நாலு முறுக்கு அதிகமாகப் போனால் எல்லாம் சேற்று நிறமாகிவிடும். ஒரு நிறம் இன்னொன்றுக்குள் மெல்லக் கரைவதுபோல வேண்டும் என்றால் ஸ்கின்னர் பிளெண்டு இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் ஜூடித் ஸ்கின்னர் பரப்பிய முறை அது. இரண்டு நிறத் தகடுகளையும் முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, ஒரே திசையில் மடித்து மடித்துப் பாஸ்தா மெஷினில் பலமுறை விட்டால், ஒரு ஓரத்தில் நீலமும் மறு ஓரத்தில் வெள்ளையும் நடுவில் எல்லாச் சாயல்களுமாக வரும். மடிக்கும் திசையை ஒருமுறை மாற்றினாலும் கெட்டுவிடும்.

இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடிக் கலைஞர்களின் மில்லெஃபியோரி முறையைக் கிளேக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நிறக் கம்பிகளை நீளவாக்கில் அடுக்கி ஒரு கட்டையாக்குகிறார்கள். அதைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ. சுற்றிலும் சீராக அழுத்தி இழுத்தால் கட்டை மெலியும், பூவும் சிறிதாகும். இரண்டு அங்குலப் பூவை மோதிரப் பட்டைக்குள் அடங்கும் மிளகளவுப் பூவாக்கிவிடலாம். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த கைக்கு இது சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் எந்தத் துண்டு எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் பார்க்க வேண்டிய வேலை. வெட்டுவதற்கு முன் கட்டையைக் கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூ நசுங்காது. வில்லைகளை 1 மி.மீ.க்கும் மெல்லியதாக வெட்டி, 1.5 மி.மீ. அடித்தகட்டின்மேல் நெருக்கமாகப் பரப்பி, உருளையால் ஒரே மட்டமாக்கிய பிறகு கீற்று வெட்டுங்கள். வில்லைகளை மட்டும் சேர்த்து மோதிரம் செய்தால் ஒவ்வொரு விளிம்பும் ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பும் ஒரு பலவீனம்.

ஓவன்

உறையில் போட்டிருக்கும் டிகிரிதான் வேதவாக்கு. ஃபிமோவுக்கு 110, ஸ்கல்பிக்கும் பிரீமோவுக்கும் சுமார் 130, செர்னிட்டுக்கு 110 முதல் 130, கேட்டோவுக்கு 150. நேரம் 30 நிமிடம் என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். அது குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் சரியாக இருக்கும்வரை 45 நிமிடம், ஒரு மணி நேரம் வைத்தாலும் கிளே கருகாது, வெளிர்நிறங்கள் சற்று மங்கலாம், அவ்வளவுதான். கருக்குவது நேரம் அல்ல, டிகிரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை மோதிரங்கள் ஒடிகின்றன.

அந்த டிகிரியை யார் சொல்கிறார்கள் என்பது அடுத்த சிக்கல். நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஓ.டி.ஜி. ஓவன்களின் திருகியில் 130 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்ப முடியாது. கம்பி சிவந்து அணையும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்கும். 20, 30 டிகிரி விலகுவது சாதாரணம். தனி ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். கிளேயைவிட, கருவிகளைவிட, எதைவிடவும் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்று அடித்துச் சொல்வேன். டைல்ஸ் துண்டை உள்ளே வைத்து, ஓவனைக் கால் மணி நேரத்துக்கு மேல் சூடாக்கி, தெர்மாமீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மோதிரத்தை உள்ளே விடுங்கள். டைல்ஸ் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். மோதிரத்துக்கு மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மடித்து வைத்தால் மேல்கம்பியின் நேரடி அனல் படாது. டைல்ஸில் கிளே நேராகப் பட்ட இடம் கண்ணாடித் திட்டாக மினுங்கும். அடியில் தாள் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண மைக்ரோவேவில் சுடக் கூடாது. சூடு ஒரே சீராக ஏறாது, ஒரு பக்கம் கருகும்போது மறு பக்கம் பச்சையாக இருக்கும். சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால், அந்த முறையில் மட்டும் இயக்கிச் சுடலாம். கொதிநீரில் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. துகள்கள் முழுதாகக் கலக்க அது போதாது.

சுடும்போது லேசான பிளாஸ்டிக் வாசனை வருவது இயல்பு. மூக்கில் குத்துகிற காரமான நெடி வந்தாலோ, மோதிரம் பழுப்பேறினாலோ வெப்பம் எல்லை மீறிவிட்டது. சுமார் 175 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண்ணும் தொண்டையும் எரியும். ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். சமையலுக்கும் இதற்கும் ஒரே ஓவன்தான் என்றால், ஆழமான அலுமினியத் தட்டில் வைத்து இன்னொரு தட்டால் கவிழ்த்து மூடிச் சுட்டு, முடிந்ததும் ஓவனின் உட்புறத்தைத் துடைத்துவிடலாம். தொடர்ந்து செய்கிற எண்ணம் இருந்தால் சிறிய ஓவன் ஒன்றைத் தனியாக ஒதுக்குவதே நிம்மதி.

ஒவ்வொரு முறையும் மோதிரத்தோடு, அதே கிளேயில் 2 மி.மீ. தடிமனில் ஒரு சிறு கீற்றையும் சேர்த்துச் சுடுங்கள். ஆறிய பிறகு அதை வளைத்துப் பாருங்கள். வில்லாக வளைந்து திரும்பினால் மோதிரமும் வெந்திருக்கிறது. ஒடிந்தால் மோதிரத்தைத் திரும்ப உள்ளே வைத்து இன்னும் அரை மணி நேரம் சுடலாம். பாலிமர் கிளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி சுடலாம் என்பது நமக்குக் கிடைத்த சலுகை. ஆனால் சூட்டோடு வளைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சூடாக இருக்கும்போது நன்றாக வெந்ததும் இளக்கமாகத்தான் இருக்கும், இழுத்தால் கிழியும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். குழாயோடு அப்படியே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

மெருகு

உள்வட்டத்திலிருந்து தாளை உரித்தபின் விளிம்புகளைத் தேய்க்க வேண்டும். மரவேலைக்கு வாங்கும் உப்புத்தாள் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். எண் கூடக் கூட நைசாகும் அந்தத் தாளில் 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று போக வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, மோதிரத்தை அதற்குள் அமிழ்த்தித் தேய்த்தால் தூள் பறக்காது. ஓர் எண்ணில் விழுந்த கீறல்கள் முழுதாக மறையாமல் அடுத்த எண்ணுக்குத் தாவினால் கடைசியில் மெருகேறிய கீறல்கள்தான் மிஞ்சும். உள்வட்டத்தின் இரு விளிம்புகளையும் சற்று உருட்டிவிடுங்கள். போட்டுக்கொள்ளும்போது அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தித் தேய்த்தால் மென்மையான பளபளப்பு வரும். எனக்கு இதுவே போதும். மேல்பூச்சு பெரும்பாலும் தேவையில்லை.

பூச்சு வேண்டும் என்றால் நீர் அடிப்படையிலான அக்ரிலிக் வார்னிஷ் பூசலாம். நகப்பூச்சை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் பி.வி.சி.யைத் தின்னத் தொடங்கும். பூசிய அன்று பளபளக்கும், சில வாரம் கழித்துப் பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கு போகவே போகாது. டப்பாவில் அடைத்த ஸ்பிரே வார்னிஷ்களில் பலவும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடிப் பளபளப்புக்கு, புற ஊதா ஒளியில் இறுகும் யு.வி. ரெசின் என்ற பிசினைப் பூசி விளக்கில் காட்டி இறுக்குகிறார்கள். அழகுதான், ஆனால் இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கையுறை அவசியம்.

உலோக மோதிரத்தின்மேல்

தினமும் போடும் மோதிரம், அதுவும் மேலே பெரிய பூவோடு வேண்டும் என்றால், முழுக்கக் கிளேயில் செய்வதைவிட உலோக அடிப்பாகம் வாங்கி அதன்மேல் வைப்பதே புத்திசாலித்தனம். தட்டையான வட்டத் தகடு பொருத்திய வெற்று மோதிரங்கள் நகைப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. கிளே உலோகத்தோடு தானாக ஒட்டாது. சுட்டபின் பிடித்திருப்பதுபோலத் தோன்றி ஒரு நாள் கழன்று விழும். ஆகவே தகட்டின்மேலேயே வைத்துச் சுட்டு, ஆறியதும் கழற்றி, தகட்டையும் கிளேயின் அடிப்பக்கத்தையும் வாட்டர் பேப்பரால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போன்ற இரு பாகப் பசையால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். இன்னொரு வழி, கிளேயைத் தகட்டின் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம்வரை மடித்துக் கவ்வவிடுவது. அப்போது பசை தோற்றாலும் வடிவமே பிடித்துக்கொள்ளும். மிக மலிவான முலாம் மோதிரங்கள் விரலைப் பச்சையாக்கும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

முழுக் கிளே மோதிரத்தை அணிகிறவர்கள் கை கழுவும்போது கழற்ற வேண்டியதில்லை. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அது படும் இடம் கரையும். கழற்றும்போது இரு பக்கமும் பிடித்து விரிக்காமல், திருகியபடி மேலே கொண்டு வாருங்கள். இதையெல்லாம் மீறி ஒடிந்துவிட்டால் உடைந்த முகங்களில் திரவக் கிளே தடவிச் சேர்த்து, குழாய்மேல் நூலால் இறுக்கிக் கட்டி, மறுபடியும் அதே டிகிரியில் சுடுங்கள். சூப்பர் குளூ அவசரத்துக்கு உதவும். அதனால் ஒட்டியதைத் திரும்ப ஓவனில் வைக்க நேர்ந்தால், சூட்டில் அந்த ஒட்டு விட்டுவிடும்.